கடைசி பெஞ்சிலிருந்து வந்த குரல்

சேலையூர்,
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

என் செல்ல அபிக்கு,

அக்கா எழுதறேன். ஆமாடி, எழுதறேன்! வலது கையால! ஸ்தோத்திரம்! இந்த ஒரு வரிக்கே நாலு நிமிஷம் ஆச்சு. என் மூணாம் கிளாஸ் பசங்க இதைவிட அழகா எழுதும். 'அபி'ங்கற ரெண்டு எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு பாரு. சிரிக்காத.

இங்க எல்லாரும் சுகம். உன் அத்தான் வழக்கம்போல ரயில்வே ஷெட், வீடு, கிரிக்கெட். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? கோத்தகிரி குளிருக்கு சாக்ஸ் போடறியா இல்லையா?

விஷயத்துக்கு வர்றேன். கைக்குள்ள வெச்ச கம்பியெல்லாம் எடுத்தாச்சு. பிசியோதெரபி மேடம் கண்டிப்பா சொல்லிட்டாங்க. "டீச்சர், போன்ல தட்டறதெல்லாம் எக்சர்சைஸ் இல்ல. பேனா பிடிச்சு எழுதணும். இல்லேன்னா ஜூன் மாசம் போர்டுல சாக்பீஸ் பிடிக்க முடியாது." யாருக்கு எழுதறது? அத்தானுக்கு எழுதலாம்னா, "எதுக்கு, நான் இங்கதானே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்"ங்கறார். அதனால நீதான் மாட்டின. ஒரு கண்டிஷன். நீயும் கடிதமாத்தான் பதில் போடணும். அப்பதான் எனக்கு ரோஷம் வரும்.

முதல் கேள்வி இதோ. ஜனவரி இருபத்தஞ்சு, நம்ம சபை பெண்கள் சங்கத்து டூர். பதினெட்டு பேர், லீவுல வந்த உன்னையும் சேர்த்துப் பத்தொன்பது. எல்லாருக்கும் நீ கடை கடையா ஏறி இறங்கி எடுத்த அதே மயில்கழுத்துப் புடவை. வேன்ல பாட்டு பாடினது ஞாபகம் இருக்கு. டூர் பொறுப்பு என்னோடதுங்கறதால அந்த ரிசார்ட் போட் ஹவுஸ் ரெஜிஸ்டர்ல நான் கையெழுத்து போட்டது ஞாபகம் இருக்கு. போட்ல கடைசி பெஞ்சுல நீயும் நானும் வேர்க்கடலை தின்னுக்கிட்டு வந்தது கூட ஞாபகம் இருக்கு. அதுக்கு அடுத்தது ஆஸ்பத்திரி ஃபேன் தான். நடுவுல ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளைப் பேப்பர்.

கரைக்குக் கிட்ட வரும்போது போட் சாஞ்சுதாம். ஏழெட்டு பேர் தண்ணில விழுந்தாங்களாம். போட்டுக்கும் படித்துறைத் தூணுக்கும் நடுவுல என் கை நசுங்கி, தலையும் மோதி, போட்காரர் அரிகிருஷ்ணன் குதிச்சு என்னைத் தூக்கினாராம். எல்லாம் மத்தவங்க சொன்னதுதான். ஏன் சாஞ்சுதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ என் பக்கத்துலதானே இருந்த? ஒண்ணு விடாம எழுது.

கோணல் எழுத்துக்காரி,
அக்கா ஹில்டா


கோத்தகிரி,
19 ஏப்ரல் 2025

அன்பான அக்காவுக்கு,

தங்கை அபிகாயில் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். முழங்கால் பரவாயில்லை. சாக்ஸ் போடுகிறேன்.

உன் கடிதத்தை ஹாஸ்டல் ஆபீஸில் வைத்தே பிரித்துவிட்டேன். முதல் வரியிலேயே அழுகை வந்துவிட்டது. வார்டன் அழுவதைப் பிள்ளைகள் பார்த்தால் அப்புறம் என்னை யார் மதிப்பார்கள்? பீரோவைத் திறந்து எதையோ தேடுவது மாதிரி தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

இங்கே நாளை ஈஸ்டர் ஆராதனைக்கு ஏற்பாடு. அறுபத்து நாலு பெண்களுக்கும் தலை பின்னி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெந்நீர் பாய்லர் வேறு மறுபடியும் கெட்டுப்போனது. ரிப்பேர்காரர் ஊட்டியிலிருந்து வரவேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து ரெண்டு நாள் காய்கறி வரவில்லை. பருப்பையே மூணு விதமாக வைத்துச் சமாளித்தோம்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது அக்கா. எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை. அதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறாய்? கையைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் பிரியமுள்ள,
அபி


சேலையூர்,
11 மே 2025, ஞாயிறு

அபிக்குட்டிக்கு,

சுகமா? நாங்க சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்குது. பாய்லர் கதை, பருப்பு கதை எல்லாம் படிச்சேன். நான் கேட்டதுக்கு மட்டும் ரெண்டே வரி! இருக்கட்டும்.

இப்ப கேளு, ரெண்டு பெரிய செய்தி.

முதல் செய்தி, எனக்கு வக்கீல் கிடைச்சாச்சு! தாம்பரத்துல சட்ட உதவி முகாம் போட்டிருந்தாங்க. அத்தான், "கோர்ட்டு கேஸுன்னு போனா செருப்பு தேயும், வேணாம்"னார். நான் சும்மா எட்டிப் பார்த்துட்டு வர்றேன்னு போனேன். பெண்கள்னா வருமானம் எவ்வளவுன்னு கூடக் கேக்காம இலவசமா வக்கீல் வெச்சுக் குடுப்பாங்களாம்! எனக்கு நாப்பத்தாறு வயசாகுது, இது இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வக்கீல் பேரு ரோஹிணி. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல ஜெராக்ஸ் கடைக்கு மாடில ஆபீஸ். பொடிசா இருக்காங்க, ஆனா பேச ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவன் காலி. "டீச்சர், டிக்கெட் வாங்கினா நீங்க நுகர்வோர். பத்திரமா கூட்டிட்டுப் போய் பத்திரமா இறக்கி விடறது அவங்க பொறுப்பு. டிக்கெட் இருக்கா?"ன்னாங்க. நான் பைபிளைத் திறந்து எடுத்து நீட்டினேன். சங்கீதத்துக்கு நடுவுல பத்தொன்பது டிக்கெட்டும் பத்திரமா இருந்துச்சு. அவங்களுக்குச் சிரிப்பு தாங்கல.

ரெண்டாவது செய்தியைக் கேட்டா நீ மயக்கம் போட்டுடுவ. நான் நீச்சல் கத்துக்கறேன்!

தண்ணிக்குள்ள கையை அசைச்சா சீக்கிரம் சரியாகும்னு பிசியோ மேடம் சொன்னாங்க. கூடுவாஞ்சேரில ஒரு லேஅவுட்ல நீச்சல் குளம் இருக்கு, சனிக்கிழமை காலைல பெண்களுக்கு மட்டும். ரயிலேறிப் போறேன். கோச் பேரு சுஜி. முழுக்கை வெச்ச நீச்சல் டிரஸ் போட்டுக் காட்டினேன், அத்தான் சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிடுச்சு. முதல் நாள் படிக்கட்டைப் பிடிச்ச கையை விடவே இல்ல. முட்டியளவு தண்ணிதான். சுஜி சொல்லுது, "இன்னா ஆன்ட்டி, தண்ணி உங்கள கடிக்கவா போவுது? நான் புடிச்சிகினு தானே கீறேன்!"

பயமாத்தான் இருக்கு. ஆனா போவேன். அந்தத் தண்ணிக்கு நான் பயந்தே சாகணுமா என்ன?

அன்போட,
அக்கா


சேலையூர்,
22 ஜூன் 2025, ஞாயிறு

அபி,

சுகமா இருக்கியா? ஒன்றரை மாசமா ஒரு வரி காணோம். போன் பண்ணா, "நெட்வொர்க் சரியில்லக்கா"ன்னு வெச்சிடற. உடம்புக்கு ஏதாவதுன்னா மறைக்காம சொல்லு, நான் பஸ் ஏறிடுவேன்.

நான் மிதந்துட்டேன்டி! நேத்து! மல்லாக்கப் படுத்து, காதுக்குள்ள தண்ணி, மேல வானம், நடுவுல நான்! சுஜி கையை எப்ப எடுத்துச்சுன்னே தெரியல. "ஒன், டூ, த்ரீ"ன்னு இருபது வரைக்கும் எண்ணுச்சு. இருபது! கரையேறி வந்து முன்னபின்ன தெரியாத ஒரு அம்மாவைக் கட்டிப்பிடிச்சுட்டேன். கையெழுத்தும் தேறிடுச்சு பார்த்தியா? ஸ்கூல் திறந்தாச்சு, போர்டுல பெரிய எழுத்தா நாலு வார்த்தை எழுதறேன். அஞ்சாவது வார்த்தைக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கறேன்.

செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டாச்சு. ரோஹிணி ஒண்ணு கேக்கறாங்க. அன்னிக்கு எடுத்த போட்டோ, வீடியோ ஏதாவது வேணுமாம். நம்ம சங்கத்து ஏஞ்சல் அக்கா போனை அரிகிருஷ்ணன் கிட்ட குடுத்து போட்டோ எடுக்கச் சொன்னாங்களாம், அவர் என்னைத் தூக்கக் குதிச்சப்ப அதுவும் தண்ணில போச்சு. மத்தவங்க கிட்ட வேன்ல எடுத்தது, இட்லி சாப்பிட்டது, அவ்வளவுதான். நீதான் எதுக்கெடுத்தாலும் போனைத் தூக்கறவளாச்சே. உன் போன்ல இருக்குமே, அனுப்பு.

அக்கா


கோத்தகிரி,
5 ஜூலை 2025

அன்பான அக்காவுக்கு,

நான் சுகம். நீ பஸ் ஏற வேண்டாம். ஹாஸ்டலில் புதுப் பிள்ளைகள் சேர்ந்த நேரம், வேலை அதிகம். தாமதத்திற்கு மன்னித்துக்கொள்.

நீ மிதந்ததைப் படித்துச் சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருத்தி, "உங்க அக்கா சூப்பர் மிஸ்" என்றாள். ஆமாம் என்றேன். தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அந்த போன் இப்போது வேலை செய்யவில்லை அக்கா. அதில் எதுவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். வக்கீலம்மாவிடம் சொல்லிவிடு.

இங்கே கேரட் நன்றாக வந்திருக்கிறது. யாராவது சென்னைப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அபி


சேலையூர்,
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அபிக்கு,

சுகம்னு எழுதத்தான் வேணும், எழுதிட்டேன்.

போட் ஹவுஸ்காரங்க பதில் மனு போட்டிருக்காங்க. ரோஹிணி படிச்சுக் காட்டினாங்க. 'படகில் எழுந்து நிற்கக் கூடாதென்று மூன்று முறை எச்சரித்தோம். மனுதாரர் ஹில்டா, தாமே லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியதோடு, மற்றவர்களையும் கழற்றச் சொல்லி, புகைப்படத்துக்காக அனைவரையும் ஒரே பக்கமாக வந்து நிற்கும்படி உரக்கக் கூவினார். விபத்துக்கு அவரே காரணம்.'

பொய்னு கத்தினேன் அபி. அப்புறம் சங்கத்துக் கூட்டத்துல போய்க் கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கல. கடைசில ஏஞ்சல் அக்காதான் வாயைத் திறந்தாங்க. "தப்பா எடுத்துக்காத ஹில்டா. நாங்க எல்லாரும் முன்னாடி போட்காரர் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பின்னாடி கடைசி பெஞ்சுல இருந்து, 'லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டு எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, அப்பதான் புடவை தெரியும்'னு சத்தம் வந்துச்சு. உன் குரல் மாதிரிதான் இருந்துச்சு."

என்னைத் தண்ணில இருந்து தூக்கினப்ப உடம்புல லைஃப் ஜாக்கெட் இல்லைங்கறது எல்லாருக்கும் தெரியும். அப்ப நான் கழட்டியிருக்கேன். அப்ப நான்தான் சொல்லியிருக்கேன்.

பொன்னியம்மாள் பாவம், அறுபது வயசு, நீச்சல் தெரியாது. அன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சாங்க! அவங்க போயிருந்தா? என் வாயால ஒருத்தர் செத்திருந்தா? தினமும் பசங்களைப் பார்த்து, வரிசைல நில்லு, ஓடாத, தள்ளாதன்னு கத்தறவ நான். எனக்கு என்னைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கு.

நேத்து கூடுவாஞ்சேரிக்குப் போகல. கேஸை வாபஸ் வாங்கிடலாம்னு அத்தான் கிட்ட சொல்லிட்டேன். வர்ற இருபதாம் தேதி ரோஹிணியைப் பார்த்துக் கையெழுத்து போடணும்.

ஹில்டா


கோத்தகிரி,
14 ஆகஸ்ட் 2025

அக்கா,

கையெழுத்து போடாத. எந்தப் பேப்பர்லயும் போடாத. இதை ஸ்பீட் போஸ்ட்ல போடறேன், கிடைக்கறதுக்குள்ள தேதி வந்துடுமோன்னு பயமா இருக்கு. அதனால அத்தானுக்கு, 'கடிதம் வர்ற வரைக்கும் அக்காவை எங்கயும் அனுப்பாதீங்க'ன்னு மட்டும் மெசேஜ் போட்டிருக்கேன். மத்ததைப் போன்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

அது உன் குரல் இல்லக்கா. என் குரல்.

நம்ம ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதானே. போன்ல அத்தானே எத்தனை தடவை ஏமாந்திருக்கார். நான்தான் கத்தினேன். அந்தப் புடவைக்காக மூணு நாள் அலைஞ்சேன். எல்லாரும் அதைக் கட்டிக்கிட்டு மேல ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினதும், ஒரு புடவையும் தெரியல. எனக்கு ஆத்தாமை. ஒரே ஒரு போட்டோன்னு நினைச்சேன். 'கழட்டிட்டு இந்தப் பக்கம் வாங்க'ன்னு நான் கத்தினேன். எல்லாரும் எழுந்து வந்தாங்க. போட் சாஞ்சுது.

நீ கழட்டவே இல்ல. நீ எழுந்திருக்கவும் இல்ல. 'உட்காருங்கடி, உட்காருங்கடி'ன்னு நீதான் அலறின. என் தோளைப் பிடிச்சு இழுத்தது உன் வலது கைதான்.

அந்த போன் நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன். போட்ல திரும்பி உட்கார்ந்து செல்ஃபி வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன், அதுல எல்லாம் இருக்கு. பதினாலு செகண்ட். விழுந்தப்பவும் போன் என் கைலயேதான் இருந்துச்சு. உன் கை நசுங்கிச்சு, என் போன் பத்திரமா இருந்துச்சு பாரு. ஆஸ்பத்திரில நீ கண்ணைத் திறந்து, 'என்னடி ஆச்சு?'ன்னு கேட்டியே, அப்பவே சொல்லியிருக்கணும். உனக்கு ஞாபகம் இல்லைன்னு டாக்டர் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுக்கா. அந்த நிம்மதியை நினைச்சாத்தான் எனக்கே என்னைப் பிடிக்கல. மறுநாளே கோத்தகிரிக்கு ஓடி வந்தது அதனாலதான்.

வீடியோவை ஒரு பென் டிரைவ்ல போட்டு இதோட வெச்சிருக்கேன். வக்கீலம்மா கிட்ட குடு. என்னை என்ன வேணா பண்ணு. பேசாம மட்டும் இருந்துடாத.

அபி


சேலையூர்,
28 செப்டம்பர் 2025, ஞாயிறு

அபிகாயிலுக்கு,

ஆறு வாரமா நான் எழுதல. எழுத முடியாம இல்ல, கை நல்லா இருக்கு. கோபம். பேனாவை எடுத்தா உன்னைத் திட்டித்தான் எழுத வந்துச்சு, நாலு தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இப்பவும் கோபம்தான். மூச்சுவிடாம பாய்லர் கதை எழுதினியே, அதுக்கு நடுவுல இதை ஒரு வரி எழுத முடியலையா? கேரட் குடுத்தனுப்பறாளாம் கேரட்! அந்த ஒரு வாரம், நான்தான் எல்லாரையும் கொல்லப் பார்த்தேன்னு நினைச்சு ஒரு வாய் சோறு இறங்கல. அதுக்கு நான் உன்னை இன்னும் மன்னிக்கல. எழுதி வெச்சுக்கோ.

ஆனா ரோஹிணி ஆபீஸ்ல நடந்ததை உன்கிட்ட சொல்லலேன்னா எனக்குத் தலை வெடிச்சிடும். அதனால சொல்றேன்.

வீடியோவைப் பெரிய திரையில போட்டாங்க. அத்தான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல்ல எனக்கு வேற எதுவும் கண்ணுல படல. என் கையைத்தான் பார்த்தேன். பழைய கை. அஞ்சு விரலும் நேரா, வளையல் போட்டுக்கிட்டு, உன் தோளைப் பிடிச்சு இழுக்குது. 'நிறுத்துங்க'ன்னு சொல்லிட்டு அழுதேன். ரோஹிணி தண்ணி குடுத்தாங்க. மறுபடியும் போட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தி நிறுத்தி.

அபி, ரோஹிணிப் பொண்ணு நாற்காலிய விட்டு எகிறிக் குதிச்சுது!

ஒண்ணு, போட்டோட முன்பக்கப் பலகைல 'பயணிகள் 12' னு பெயின்ட்ல எழுதியிருக்கு. நம்ம பத்தொன்பது பேரை ஏத்தியிருக்காங்க! நாம யாரும் அதைப் பார்க்கவே இல்ல. அப்புறம் அரிகிருஷ்ணன். இன்ஜினை அப்படியே விட்டுட்டு முன்னாடி போய் நின்னு, ஏஞ்சல் அக்கா போனை வெச்சுக்கிட்டு, "நல்லா சிரிங்கம்மா, இன்னும் கொஞ்சம் தள்ளி வாங்க"ங்கறார். மூணு தடவை எச்சரிச்சாங்களாம்! இதுதான் எச்சரிக்கையா? எல்லாத்தையும் விட, என் லைஃப் ஜாக்கெட். நான் போட்டிருக்கேன்டி! முன்னாடி மாட்டற பக்கிள் உடைஞ்சு போயிருக்கு. ரெண்டு பக்கமும் என் கர்ச்சீப்பால முடிச்சு போட்டுக் கட்டியிருக்கேன். பூப்போட்ட அந்த நீலக் கர்ச்சீப்! தண்ணில விழுந்ததும் முடிச்சு அவிழ்ந்திருக்கு, அதுதான் உடம்புல இல்ல. "டீச்சர், ஒரு கர்ச்சீப் கேஸை ஜெயிக்கப் போகுது"ன்னாங்க ரோஹிணி. அத்தான் எழுந்து நின்னு கை தட்டறார், நான் மூக்கைச் சிந்தறேன், கீழ இருந்து ஜெராக்ஸ்காரர் என்ன ஆச்சோன்னு ஓடி வந்துட்டார்.

இப்ப உன் விஷயம். வீடியோவை அப்படியே குடுத்தா ஏத்துக்க மாட்டாங்களாம். எடுத்தவங்களே அந்த போனோட நேர்ல வந்து, நான்தான் எடுத்தேன், எதையும் மாத்தலன்னு சான்றிதழ்ல கையெழுத்து போடணுமாம். கூடவே பிரமாண வாக்குமூலமும். அன்னிக்குக் கத்தினது யாருன்னு எதிர்ப்பக்கம் கட்டாயம் கேப்பாங்க. எல்லார் முன்னாடியும் நீ வாயால சொல்லணும். வருவியா, மறுபடியும் நெட்வொர்க் சரியில்லையா?

ஹில்டா


கோத்தகிரி,
5 அக்டோபர் 2025

அக்கா,

லீவு எழுதிக் குடுத்துட்டேன். காரணம்ங்கற இடத்துல, 'சாட்சி சொல்ல'ன்னு எழுதினேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாங்க. அப்படியே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்க.

நீ திட்டி எழுதினதை நாலு தடவை படிச்சேன். கிழிச்சுப் போட்டதையும் அனுப்பியிருக்கலாம். நீ பேசாம இருந்த ஆறு வாரத்துக்கு அது எவ்வளவோ மேல்.

பயமா இருக்கு. ஏஞ்சல் அக்கா, பொன்னியம்மாள் எல்லார் முகத்துலயும் எப்படி முழிப்பேன்னு தெரியல. ஆனா வர்றேன். போனைத் துணில சுத்தி, ஹேண்ட்பேகுக்குள்ள வெச்சு, அந்தப் பேகைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்கறேன். அத்தான் என் கூடப் பேசுவாரா?

அபி


சேலையூர்,
28 டிசம்பர் 2025, ஞாயிறு

என் செல்ல அபிக்கு,

கிறிஸ்துமஸ் நல்லா முடிஞ்சுது. நாங்க சுகம். அத்தான் நீ அனுப்பின கேரட்டை அல்வா கிண்டச் சொல்லி உயிரை வாங்கிட்டார். உடம்புல சுகர் இருந்தும் இனிப்புன்னா இவர்தான் தைரியசாலி. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சியா?

நீ ஊருக்குப் போனப்புறம் தனியா இருக்கும்போதெல்லாம் நீ சாட்சி சொன்ன நாளைத்தான் நினைச்சுக்கறேன். தாம்பரத்துல செங்கல்பட்டு ரயில் ஏறி, எதிரும் புதிருமா உட்கார்ந்து, சிங்கப்பெருமாள்கோவில் வர்ற வரைக்கும் நான் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அப்புறம் வேர்க்கடலைக்காரர் வந்தார். நீ ரெண்டு பொட்டலம் வாங்கி ஒண்ணை என் மடில வெச்ச. நான் இடது கையை நீட்டினேன், நீ வலது கையைப் பிடிச்சு இழுத்து, ஒவ்வொரு விரலா தடவிப் பார்த்து, வளையாத அந்த சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டு விட்ட ஒரு அழுகை! எதிர்ல இருந்த ஆளு பயந்து அடுத்த பெட்டிக்கே போயிட்டார். என் கோபம் அங்க இறங்கினதுதான். மறுபடி ஏறல.

உள்ள போய், "கூப்பிட்டது யார்?"னு அவங்க வக்கீல் கேட்டதும், நீ தலையைக் குனியாம, "நான்தான். என் அக்கா வேண்டாம்னு தடுத்தா"ன்னு சொன்னியே! சத்தியமா சொல்றேன், எழுந்து விசில் அடிக்கணும் போல இருந்துச்சு. வெளிய வந்ததும் ஏஞ்சல் அக்கா உன் கன்னத்தைத் தட்டி, "கூப்பிட்டது நீ, எழுந்தது நாங்கதானே"ன்னாங்க பாரு. பொன்னியம்மாள் அதுவும் சொல்லல. டிபன் பாக்ஸைத் திறந்து, "இட்லி ஆறுது, சாப்பிடு"ன்னாங்க.

சரி, இனிமேதான் நிஜமான செய்தி. உட்கார்ந்துக்கிட்டுப் படி.

அவங்களே இறங்கி வந்துட்டாங்க! வீடியோவைப் பார்த்தப்புறம் சமரசம் பேசலாம்னு ஆணையத்துலயே கேட்டிருக்காங்க. பதினெட்டாம் தேதி நடந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவு, கைக்கு நஷ்டஈடு எல்லாம் ரோஹிணி பார்த்துக்கிட்டாங்க. அது முடிஞ்சதும், "டீச்சர், வேற ஏதாவது கேக்கணுமா?"ன்னாங்க. நான் நோட்டைத் திறந்தேன். என் கையால நானே எழுதிட்டுப் போயிருந்தேன், ஒரு பக்கம் முழுக்க! பன்னெண்டுன்னா பன்னெண்டு பேர்தான் ஏறணும். ஒவ்வொரு போட்லயும் ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் இன்ஜினை விட்டு நகரவே கூடாது. புது லைஃப் ஜாக்கெட், எல்லா சைஸ்லயும், பக்கிளோட. அரிகிருஷ்ணன் வேலையில கை வைக்கக் கூடாது. டிக்கெட்டும் அவரே, இன்ஜினும் அவரே, போட்டோவும் அவரேன்னா மனுஷன் என்ன பண்ணுவார்? என்னைத் தூக்கினதும் அவர்தானே. எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க.

கடைசியா ஒண்ணு கேட்டேன். ஒவ்வொரு போட் கிளம்பறதுக்கு முன்னாடியும் ஸ்பீக்கர்ல அறிவிப்பு போடணும். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க, எழுந்து நிக்காதீங்க, ஒரே பக்கம் சாயாதீங்கன்னு. மேனேஜர் உடனே, "நல்ல யோசனை மேடம், ரேடியோல பேசறவங்களை வெச்சு அழகா ரெக்கார்டு பண்ணிடறோம்"னார். நான் வேணாம்னுட்டேன். "குரல் நான் குடுக்கறேன். என் தங்கச்சியோடது. அவ கூப்பிட்டா போட்ல எல்லாரும் எழுந்து வருவாங்க. அவ உட்காருன்னா உலகமே உட்காரும்"னேன். ரோஹிணி குனிஞ்சு பேப்பரைப் பார்க்கற மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒப்பந்தத்துல எழுதியே வாங்கிட்டாங்க, அபிகாயில் என்பவரின் குரலில்னு. உன் பேரு சட்டப்படி ஏறியாச்சு, இனிமே பின்வாங்க முடியாது.

ஜனவரி இருபத்தி நாலு, சனிக்கிழமை, காலை பத்து மணி. சங்கம் முழுக்க மறுபடியும் அதே ஏரிக்குப் போறோம், ரெண்டு போட்ல. எல்லாரும் அதே மயில்கழுத்துப் புடவை. மேல லைஃப் ஜாக்கெட். ஒரு நூல் கூட வெளிய தெரியாது, தெரியவே வேணாம். நீ ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு. வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங். சுஜியும் வருது. "உங்க தங்கச்சியையும் இட்டாந்து தண்ணில வுடுங்க ஆன்ட்டி, நான் பாத்துக்கறேன்"னு சொல்லியிருக்கு. நான் இப்ப ஒரு முழு நீளம் நீந்தறேன், தெரியுமில்ல?

அறிவிப்பைக் கேட்டா ஏஞ்சல் அக்கா கட்டாயம், "இது ஹில்டா குரலாச்சே"ம்பாங்க. சொல்லட்டும். இந்த தடவை நான்தான்னே சொல்லிக்கறேன்.

நேரான எழுத்துக்காரி,
அக்கா ஹில்டா